பெயரைச் சொன்னார், பிறப்பைச் சொல்லவில்லை

ஓர் ஊருக்குப் புதிதாக வருபவரிடம் உலகம் கேட்கும் முதற்கேள்வி, பெயர் என்ன என்பது. இரண்டாவது, எந்த ஊர் என்பது. மூன்றாவது கேள்வி பெரும்பாலும் வாய்விட்டுக் கேட்கப்படுவதில்லை. பெயரிலிருந்தும் ஊரிலிருந்தும் பேச்சிலிருந்தும் அதன் விடையை ஊகித்துக்கொள்வார்கள். வந்தவரை எங்கே அமர்த்துவது, எந்தப் பாத்திரத்தில் நீர் கொடுப்பது என்பனவெல்லாம் அந்த ஊகத்திற்குப் பிறகே முடிவாகும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டு வங்கத்தில், இந்த மூன்றாவது கேள்விக்கு வாழ்நாள் முழுவதும் விடை கூறாமலே வாழ்ந்து மறைந்தார் ஒரு பாணர். அவரைச் சூழ்ந்திருந்த சீடர்களுக்கும் தெரியவில்லை. அவர் பாடல்களைக் கேட்டு உருகிய ஊராருக்கும் தெரியவில்லை. கேட்டவர்களை அவர் கடிந்துகொள்ளவில்லை. ஏக்தாராவின் ஒற்றை நரம்பை மீட்டி, கேள்வியையே ஒரு பாடலாக்கித் திருப்பிக் கொடுத்தார். அவர்தாம் லாலன் ஃபகீர். சீடர்கள் அவரை ‘லாலன் சாயி’ என்று பக்தியுடன் அழைத்தனர்.

பித்தர்களின் வழி

வங்கத்தின் சிற்றூர்களில் வீடு வீடாகவும் ஊர் ஊராகவும் பாடித் திரியும் சாதகர்கள் பாவுல்கள் எனப்படுவர். காற்றால் அலைக்கப்பட்டவன், பித்தன் என்னும் பொருளுடைய ‘வாதுல’ என்ற வடசொல்லிலிருந்து இப்பெயர் வந்ததென்பர். ‘வ்யாகுல’, அதாவது ஏக்கத்தால் கலங்கியவன் என்னும் சொல்லிலிருந்து வந்தது என்பாரும் உண்டு. இரண்டும் பொருத்தமே. இறைவனுக்காக ஏங்குபவன் உலகின் கண்ணுக்குப் பித்தனாகவே தோன்றுவான்.

பாவுல் நெறியில் பல நீரோட்டங்கள் கலந்துள்ளன. பௌத்த சகஜயானத்தின் எச்சங்களும், நதியா மாவட்டத்து நவத்வீபத்தில் 1486-இல் அவதரித்த ஸ்ரீசைதன்யர் பொழிந்த பிரேம பக்தியும், சூஃபி ஞானியரின் காதல் வழியும் அதில் சங்கமிக்கின்றன. இந்துக் குடும்பத்திலிருந்து வந்த பாவுலும் முஸ்லிம் குடும்பத்திலிருந்து வந்த ஃபகீரும் ஒரே பந்தியில் அமர்ந்து உண்பர். ஒருவர் இயற்றியதை மற்றவர் பாடுவர். கோயிலோ மசூதியோ அவர்களுக்கு இன்றியமையாதது அன்று. மனித உடலே கோயில். அதனுள் உறைபவனே தெய்வம். அவனை அவர்கள் ‘மனேர் மானுஷ்’ என்பர். உள்ளத்துள் உறையும் மனிதன் என்பது பொருள்.

அவர்களுக்கென எழுதப்பட்ட சாத்திரம் இல்லை. ஒற்றை நரம்புடைய ஏக்தாராவும் இடுப்பில் கட்டிய சிறு பறையும் குருவின் வாய்மொழியுமே அவர்களின் செல்வம். போதனை முழுவதும் பாடலில்தான் இருக்கும். எனவே பாடல் இயற்றுவது அவர்களுக்குப் பொழுதுபோக்கன்று. உபதேசமும் சாதனையும் அதுவே. இந்த மரபில் தோன்றியவர்களுள் தலைசிறந்தவர் லாலன்.

கைவிடப்பட்டவரின் மறுபிறப்பு

லாலனின் இளமையைப் பற்றி மக்களிடையே வழங்கிவரும் வரலாறு இது. இளைஞராயிருந்தபோது அவர் துணைவர்களுடன் தீர்த்த யாத்திரை சென்றார். வழியில் கொடிய அம்மை நோய் கண்டது. உயிர் பிழைக்கமாட்டார் என்றெண்ணிய துணைவர்கள் அவரை விட்டுவிட்டுச் சென்றனர். ஊரில் போய் அவர் இறந்ததாகவே கூறிவிட்டனர்.

ஆற்றங்கரையில் நினைவிழந்து கிடந்தவரை முஸ்லிம் நெசவாளர் குடும்பம் ஒன்று கண்டெடுத்தது. அந்த வீட்டுத் தாய் அவரைத் தன் மகனாகவே எண்ணிப் பணிவிடை செய்தாள். நோய் தணிந்தது, உயிர் திரும்பியது. அம்மைத் தழும்புகளுடன் ஊர் திரும்பிய அவரை உற்றார் ஏற்கவில்லை. ஏற்கெனவே இறந்தவர் என்பது ஒரு காரணம். முஸ்லிம் வீட்டில் உணவும் நீரும் உண்டவர் என்பது மற்றொரு காரணம். அவர் வந்த வழியே திரும்பிச் சென்றார்.

இந்த வரலாற்றின் ஒவ்வொரு விவரத்தையும் சான்று காட்டி நிறுவுதல் இயலாது. லாலன் அதைத் தம் வாயால் உறுதிப்படுத்தவில்லை, மறுக்கவுமில்லை. அவர் மறைந்த 1890-ஆம் ஆண்டிலேயே, குஷ்டியாப் பகுதியிலிருந்து வெளிவந்த ‘ஹிதகரீ’ என்னும் இதழ் அவரைப் பற்றி நீண்ட இரங்கற்குறிப்பொன்றை வெளியிட்டது. யாத்திரையில் அம்மை நோயால் துணைவர்கள் கைவிட, முஸ்லிம் ஒருவர் காப்பாற்றினார் என்னும் செய்தி அதிலேயே காணப்படுகிறது. அவர் தம் வரலாற்றை எவரிடமும் சொன்னதில்லை என்றும் அக்குறிப்பு தெரிவிக்கிறது.

இங்கே சற்று நின்று சிந்திக்கலாம். தம்மைக் கைவிட்டவர்களைப் பழித்துப் பாட அவருக்கு எல்லா உரிமையும் இருந்தது. தம்மைக் காத்தவர்களின் சமயத்தைச் சார்ந்து, பழைய சமூகத்தைத் தூற்றவும் இடமிருந்தது. அவர் இரண்டையும் செய்யவில்லை. ‘இவன் எங்களவன் அல்லன்’ என்று ஒரு சமூகம் சொன்னபோது, ‘நான் வேறு யாருடையவன்?’ என்று அவர் தேடவில்லை. ‘எவருடையவனும் ஆகாமல் எஞ்சி நிற்கும் இந்த நான் யார்?’ என்று தேடினார். உபநிடதங்கள் கேட்கும் கேள்வியும் இதுவே. கானகத்து ஆசிரமத்தில் எழுந்த அந்த வினா, ஆற்றங்கரையில் அநாதையாகக் கிடந்த ஓர் இளைஞனின் உள்ளத்தில் மீண்டும் எழுந்தது.

குருவும் அகாராவும்

லாலனின் குரு சிராஜ் சாயி. பல்லக்குத் தூக்கும் எளிய தொழில் செய்தவர் என்று மரபு கூறுகிறது. ஏட்டுக்கல்வியோ குலப்பெருமையோ அவருக்கு இல்லை. ஆயினும் லாலன் பாடல்களின் முத்திரை அடிகளில் சிராஜின் பெயர் திரும்பத் திரும்ப ஒலிக்கிறது. அவ்விடங்களிற் பல, குரு சீடனைக் கடிந்துகொள்வதாகவே அமைந்தவை. பாடலைக் கேட்போர் லாலனின் ஞானத்தை வியக்கத் தொடங்கும் வேளையில், இறுதியடியில் குரு தோன்றி, ‘உனக்கு இன்னும் விளங்கவில்லையே’ என்னும் கருத்துப்படச் சீடனை இடித்துரைப்பார். புகழ் தலைக்கேறாமல் காத்துக்கொள்ள இதைவிட நல்ல உபாயம் வேறில்லை.

குஷ்டியாவிற்கு அருகில் காளிகங்கை ஆற்றங்கரையில் உள்ள செவுரியாவில் லாலனின் அகாரா, அதாவது சாதகர் குடில், அமைந்தது. அது நெசவாளர் ஊர். குடிலுக்கு நிலமளித்தவர்களும் நெசவாளர்களே. அங்கிருந்து சுற்றுவட்ட மாவட்டங்களுக்கெல்லாம் அவர் பாடிச் சென்றார். முதுமையிலும் சில வேளைகளில் குதிரையேறிப் பயணம் செய்தார் என்று ‘ஹிதகரீ’ குறிப்பிடுகிறது. அவருக்குச் சீடர்கள் பல்லாயிரவர் என்பதும் அவ்விதழின் செய்தி.

லாலன் மரபில் துறவு தீட்சை பெறுவோர் வெண்ணிற ஆடை அணிவர். அது இறந்தவர்க்கு அணிவிக்கும் பிணத்துணியின் அடையாளம். உயிரோடிருக்கும்போதே இறந்தவராகிவிட வேண்டும் என்பது அதன் கருத்து. பெயரும் புகழும் உறவும் உரிமையும் அந்த ஆடைக்குள் அடங்கிவிடுகின்றன. தாம் இறந்ததாக ஊராரால் அறிவிக்கப்பட்ட ஒருவர், அந்த இறப்பையே சாதனையாக மாற்றித் தம் சீடர்களுக்கு வழங்கினார் என்று எண்ணிப் பார்க்கும்போது உள்ளம் சிலிர்க்கிறது.

அகாராவின் நியமங்கள் எளியவை. விடியலில், கண்ணன் ஆநிரை மேய்க்கச் செல்லும் கோஷ்டப் பாடல்கள். மாலையில், தன் குறைகளை எண்ணி இறைவன்முன் தாழ்ந்து நிற்கும் தைன்யப் பாடல்கள். பௌர்ணமியையொட்டிய சாது சங்கங்களில் எல்லோரும் வரிசையாக அமர்வர். அனைவருக்கும் உணவு பரிமாறி முடியும்வரை எவரும் உண்ணத் தொடங்கமாட்டார். சாதியை மறுத்து ஆயிரம் பாடல் பாடுவது எளிது. அந்தப் பந்தியில் பொறுமையாகக் காத்திருந்து பக்கத்திலிருப்பவரோடு சேர்ந்து உண்பதே கடினம். லாலன் இரண்டையும் பயிற்றுவித்தார்.

மீன்குஞ்சுகள் வந்துவிட்டன

லாலனுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆயினும் அவர் பாடல்களைக் கேட்பவர் அவரைப் பெரும் பண்டிதர் என்றே எண்ணுவர் என்று ‘ஹிதகரீ’ வியந்துள்ளது. அவர் பாடல் பிறக்கும் விதத்தைப் பற்றிச் சீடர் வழியில் ஓர் அழகிய செய்தி வழங்குகிறது. உள்ளத்தில் பாடல் ஊறத் தொடங்கியதும் அவர் சீடர்களைக் கூவியழைப்பாராம். தம்முடைய மீன்குஞ்சுக் கூட்டம் வந்துவிட்டதென்று அறிவிப்பாராம். உடனே சீடர்கள் ஓடி வருவர். அவர் பாட, அவர்கள் கூடவே பாடி மனத்தில் பதித்துக்கொள்வர். எழுதத் தெரிந்தவர் ஏட்டில் எழுதுவர்.

ஆறுகளும் குளங்களும் நிறைந்த வங்கத்தில் மீன்குஞ்சுக் கூட்டத்தை அறியாதவர் இல்லை. அது ஒரு கணம் நீர்ப்பரப்பில் மின்னும். மறுகணம் கலைந்து மறையும். கவனமாயிருப்பவனே அதைக் காண்பான். அருளும் அத்தகையதே. அது வரும் வேளையைச் சாதகன் நிர்ணயிக்க முடியாது. விழித்திருப்பதொன்றே அவன் செய்யக்கூடியது. தம் பாடல்களைத் தாம் படைத்ததாக லாலன் கருதவில்லை. தானே நீந்தி வந்த ஒன்றைக் கண்டு பிறரை அழைத்துக் காட்டியதாகவே கருதினார்.

அவர் பெயரில் இன்று வழங்கும் பாடல்கள் ஆயிரக்கணக்கில் உள்ளன. அவற்றுள் சில நூறு பாடல்களையே ஆய்வாளர்கள் ஐயமின்றி அவருடையனவாக ஏற்கின்றனர். பிற்காலத்தவர் பலர் தம் பாடல்களின் இறுதியில் லாலன் பெயரை இட்டு, தாம் மறைந்துகொண்டனர் போலும்.

கூண்டும் கண்ணாடி நகரும்

லாலனின் பாடல்களில் மிகப் பரவலாக அறியப்பட்டது, கூண்டுக்குள் வந்துபோகும் முன்பின் அறியாத பறவையைப் பற்றியது. உடல் கூண்டு; உயிர் பறவை. உவமை நமக்குப் புதிதன்று. ஆனால் லாலன் அதில் காட்டும் வியப்பு புதியது. பறவை ஒருநாள் பறந்துபோய்விடுமே என்று மட்டும் அவர் அஞ்சவில்லை. நாள்தோறும் என் வீட்டிற்குள்ளேயே நடமாடும் இதனை நான் இன்னும் அறிமுகம் செய்துகொள்ளவில்லையே என்று திகைக்கிறார். பிரிவைவிட அறியாமையே அவருக்குப் பெருந்துயராகிறது.

இன்னொரு பாடல் கண்ணாடி நகரத்தைப் பற்றியது. தம் வீட்டருகிலேயே உள்ள அந்நகரில் ஓர் அயலார் வாழ்கிறார். ஒருநாளும் அவரைக் கண்டதில்லை. இடையே பெருவெள்ளம் சூழ்ந்திருக்கிறது. கடக்கத் தோணி இல்லை. அந்த அயலார் ஒருமுறை தொட்டுவிட்டால் மரணத் துன்பமே நீங்கிவிடும் என்பது பாடலின் கருத்து. இறைவன் எவ்வளவு அருகில் இருக்கிறான், நாம் எவ்வளவு தொலைவில் இருக்கிறோம் என்னும் பேருண்மை இதில் அடங்கியிருக்கிறது. நகரம் கண்ணாடியால் ஆனது என்பதைக் கவனிக்க வேண்டும். கண்ணாடியில் நாம் காண்பது நம்மையே. தன்னைத் தெளிவாகக் காணாதவன் அந்த அயலாரைக் காணமுடியாது.

சாதியைப் பற்றிய பாடல்கள் இந்தத் தேடலின் ஒரு பகுதியே. லாலன் எந்தச் சாதி என்று உலகம் கேட்க, சாதிக்கு உருவம் உண்டா, கண்டவர் உண்டா என்னும் பொருளில் அவர் மறுவினா எழுப்புகிறார். புறச் சின்னங்களால் ஆடவரின் சமயம் விளங்குமெனில், அச்சின்னங்களை அணியாத பெண்டிரின் சமயத்தை எவ்வாறு அறிவது என்கிறார். கிணற்றிலுள்ள நீரும் கங்கையில் ஓடும் நீரும் நீரே. இடத்தாலன்றோ பெயர் வேறுபட்டது என்று விளக்குகிறார். இவை வாதத்தில் வெல்வதற்காகச் சொல்லப்பட்டவை அல்ல. எந்த அடையாளத்தின் பின்னே மனிதன் ஒளிந்துகொள்கிறானோ, அதனை மெல்ல நீக்கி, உள்ளத்துள் உறையும் அந்த மனிதனின் முன் அவனை நிறுத்துவதே அவர் நோக்கம்.

ஒன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். பாவுல் சாதனையில் மூச்சையும் உடலின் சக்திகளையும் கட்டுப்படுத்தும் மறைமுறைகள் உண்டு. குரு-சீடர் இருவருக்குள் மட்டும் நிகழும் அவற்றைப் பாடல்கள் பரிபாஷையில் மூடியே சொல்கின்றன. புறத்தே நின்று அவற்றைத் தூற்றியவர்களும் உண்டு. பொருளறியாது பின்பற்றி வீழ்ந்தவர்களும் உண்டு. பாடலின் இனிமையை மட்டும் எடுத்துக்கொண்டு, அதன் பின்னேயுள்ள கட்டுப்பாட்டை மறந்துவிடுவதும் ஒரு குறையே. லாலனின் விடுதலை ஒழுங்கற்ற விடுதலையன்று. குருவின் ஆணைக்குத் தலைவணங்கியவரே பிற எல்லாத் தளைகளையும் அறுத்தார்.

கண்மூடி நின்ற ஞானம் அன்று

அகநோக்குடையவர் உலகத்தின் துன்பத்தைக் காணார் என்று எண்ணுவதுண்டு. குமார்காளியில் வாழ்ந்த காங்கால் ஹரிநாதர் லாலனின் நெருங்கிய அன்பர். அவர் 1863 முதல் ‘கிராமவார்த்தா பிரகாசிகா’ என்னும் இதழை நடத்தி, குடியானவர்கள் படும் கொடுமைகளை அஞ்சாமல் எழுதிவந்தார். அதனால் சினமுற்ற ஜமீன் ஆட்கள் அவரைத் தாக்க வந்தபோது, லாலன் தம் சீடர்களுடன் கோலேந்திச் சென்று ஹரிநாதரைக் காத்தார் என்று அப்பகுதியில் சொல்லப்படுகிறது. ஏக்தாரா ஏந்திய கை தேவைப்பட்டபோது தடியையும் ஏந்திற்று. உள்ளத்துள் உறையும் மனிதனைத் தேடுபவர், தம் எதிரே அடிபடும் மனிதனைக் காணாமல் எவ்வாறு செல்வார்?

அதே ஹரிநாதர் பின்னர், 1880-இல், தாமே ஒரு பாவுல் பாடற்குழுவை அமைத்து ஊர்தோறும் பாடினார். கற்றோரிடையே பாவுல் இசை பரவ அது ஒரு தொடக்கமாயிற்று.

பாடியவாறே சென்றவர்

1889-ஆம் ஆண்டு மே மாதம், பத்மா நதியில் படகொன்றில் ஜோதிரிந்திரநாத் தாகூர் முதியவர் ஒருவரின் உருவத்தைப் பென்சிலால் வரைந்தார். குனிந்த உடல், கையில் கோல், ஒடுங்கிய முகம். லாலன் வாழ்ந்த காலத்திலேயே வரையப்பட்டதாக நமக்குக் கிடைத்திருக்கும் உருவம் அது ஒன்றே.

அடுத்த ஆண்டு, 1890 அக்டோபர் 17-ஆம் நாள், லாலன் மறைந்தார். அப்போது அவருக்கு வயது 116 என்று ‘ஹிதகரீ’ எழுதிற்று. இறுதி நாட்களில் வயிற்று நோயாலும் வீக்கத்தாலும் துன்புற்றார். எனினும் கடைசி இரவிலும் ஏறக்குறைய முழுநேரமும் பாடிக்கொண்டிருந்தார். விடியற்காலை ஐந்து மணியளவில் சீடர்களிடம் தாம் விடைபெறுவதாகச் சொன்னார். சற்று நேரத்தில் மூச்சு அடங்கிற்று. முல்லாவும் வரவில்லை, புரோகிதரும் வரவில்லை. அகாராவிலேயே அவர் உடல் சமாதி வைக்கப்பட்டது.

நான்கு ஆண்டுகளுக்கு முன்னர், 1886-இல், காசிப்பூர்த் தோட்டத்தில் நோயுற்றிருந்த ஸ்ரீராமகிருஷ்ணர் பாவுல்களை உவமை காட்டி அவதார புருஷர்களைப் பற்றிப் பேசியதுண்டு. பாவுல் கூட்டம் திடீரென வருகிறது, ஆடிப் பாடுகிறது, திடீரெனப் போய்விடுகிறது, யாரும் அதனை அறிந்துகொள்வதில்லை என்பது அதன் கருத்து. வங்கத்தின் ஊர்ப்புறத்தில் பிறந்த அவருக்கு இந்தக் காட்சி கண்கூடாகத் தெரிந்த ஒன்று.

நாவலின் முதற்பக்கத்தில் ஒரு குரல்

லாலன் மறைந்தபின் அவர் பாடல்கள் எங்கெங்கோ சென்றன. தாகூர் குடும்பத்தின் நிலங்களைக் கவனிக்க சிலைதஹத்தில் தங்கிய ரவீந்திரநாதர் அவற்றில் உள்ளம் பறிகொடுத்தார். செவுரியா அகாராவின் ஏடுகளிலிருந்து பாடல்களைப் படியெடுக்கச் செய்தார். 1915-16-இல் ‘பிரபாசி’ இதழில் அவற்றுள் இருபதை வெளியிட்டார். சிலைதஹத்தில் கடிதங்களைச் சுமந்து திரிந்த ககன் என்னும் தபால்காரரும் பாவுல் பாடகர். உள்ளத்துள் உறையும் மனிதனை எங்கே காண்பேன் என்று ஏங்கும் அவருடைய பாடலின் மெட்டில் 1905-இல் ரவீந்திரர் இயற்றிய பாடலே இன்று பங்களாதேசத்தின் தேசியகீதம். வீடு வீடாகக் கடிதம் கொடுத்த ஒருவரின் மெட்டில் ஒரு நாடே எழுந்து நிற்கிறது. 1930-இல் ஆக்ஸ்ஃபோர்டில் மனிதனின் சமயத்தைப் பற்றி ஆற்றிய சொற்பொழிவுகளில் ரவீந்திரர் பாவுல்களை உலகறியச் செய்தார்.

இவை அனைத்தினும் சிந்திக்கத்தக்கது ‘கோரா’ நாவலின் தொடக்கம். 1910-இல் நூலாக வெளிவந்த அந்நாவலின் முதற்பகுதியில், கல்கத்தா வீதியில் ஒரு பாவுல் கூண்டுப் பறவையின் பாடலைப் பாடிச் செல்கிறான். மாடியில் நிற்கும் வினயன் என்னும் இளைஞனுக்கு அவனை அழைத்துப் பாடலை எழுதிக்கொள்ள ஆசை எழுகிறது. ஆனால் சோம்பல் தடுக்கிறது. பாவுல் போய்விடுகிறான், பாடல் எழுதப்படவில்லை, இசை மட்டும் மனத்தில் சுழல்கிறது.

நாவலின் நாயகன் கோராவோ ஆசாரத்தில் மிக உறுதியானவன். பிறப்பின் தூய்மையைப் பெரிதும் போற்றுபவன். கதையின் முடிவில் ஓர் உண்மை வெளிப்படுகிறது. 1857 கலகத்தின்போது அடைக்கலம் தேடி வந்த ஐரிஷ் பெண்ணொருத்திக்குப் பிறந்து, பெற்றோரை இழந்த குழந்தை அவன். அவனை எடுத்து வளர்த்தவள் ஆனந்தமயி. எந்தப் பிறப்பின்மேல் அவன் தன் வாழ்வைக் கட்டினானோ, அது ஒரே கணத்தில் இல்லாமற்போகிறது. அப்போதுதான் அவன் அனைவருக்கும் உரியவனாகிறான். தன்னை வளர்த்தவளைத் தாயென முழுமையாக உணர்கிறான். கைவிடப்பட்டு வேற்று வீட்டில் மறுபிறப்பெடுத்த ஒரு பாணரின் பாடலோடு இந்நாவல் தொடங்குவது எவ்வளவு பொருத்தம்! முதற்பக்கத்தில் வீதியிற் சென்ற அந்தப் பாவுலை அழைத்து அமர்த்திக் கேட்டிருந்தால், நாவல் முழுவதும் கோரா பட்ட பாடு குறைந்திருக்குமோ என்று எண்ணத் தோன்றுகிறது.

உரிமை கொண்டாடுவோர்

லாலன் சொல்லாமல் விட்ட விடையை அவர் மறைந்தபின் பிறர் சொல்லத் தொடங்கினர். காயஸ்தர் குலத்தில் பிறந்த இந்து அவர் என்று ஒரு சாரார் நூல் எழுதினர். பிறப்பிலேயே முஸ்லிம் அவர் என்று மறுசாரார் வாதிட்டனர். இருவரும் ஊரையும் பெற்றோரையும் தேடிக் கண்டதாகக் கூறினர். 1947-இல் நாடு பிரிந்தபோது, நதியா மாவட்டம் துண்டாடப்பட்டது. நவத்வீபம் இந்தியாவிலும் குஷ்டியா கிழக்குப் பாகிஸ்தானிலும் அமைந்தன. 1971-க்குப் பின் குஷ்டியா பங்களாதேசத்தின் பகுதியாயிற்று.

உரிமை கொண்டாடியவர்களைப் போலவே விலக்கி வைத்தவர்களும் இருந்தனர். வைதிக நெறியினர் பாவுல்களை ஒழுக்கமற்றவர் என்றனர். இஸ்லாமியக் கடுநெறியினர் 1920-களில் அவர்களை ஒழிக்க வேண்டுமென்று அறிக்கை நூலே வெளியிட்டனர். 2005-இல் பாவுல் பாடல்களை மனிதகுலத்தின் அரிய பாரம்பரியம் என்று யுனெஸ்கோ அறிவித்தது. 2008-இல் அப்பாடல்கள் அதன் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தன. அதே 2008-ஆம் ஆண்டு அக்டோபரில், டாக்கா விமான நிலையத்தின் முன் எழுப்பப்பட்டுக்கொண்டிருந்த பாவுல் சிலைகள் எதிர்ப்பின் காரணமாக அகற்றப்பட்டன. உலகம் போற்றியதும் ஊர் அகற்றியதும் ஒரே ஆண்டில் நிகழ்ந்தன.

சிலை போனதால் லாலனுக்கு இழப்பொன்றுமில்லை. இன்றும் டோல் பௌர்ணமியிலும் அவர் மறைந்த நாளிலும் செவுரியாவில் பெருங்கூட்டம் கூடுகிறது. வங்கத்தின் இருபுறமும் அவர் பாடல்கள் பாடப்படுகின்றன. எல்லையைக் கடக்கப் பாடலுக்கு அனுமதிச் சீட்டு வேண்டியதில்லை. கவலைக்குரியது வேறொன்று. சிலையை அகற்றியவர்கள் லாலனை மறுத்தார்கள். அவரைத் தம் சாதியில் சேர்த்துக்கொண்டவர்களோ, போற்றுவதாக எண்ணிக்கொண்டே அவரை மறுத்தார்கள். இரண்டாவது மறுப்பு நுட்பமானது. அதிலிருந்து தப்புவது எளிதன்று.

சாதகனுக்கு ஒரு பாடம்

மகான்களைப் போற்றும்போது ஒவ்வொருவரும் அறியாமல் செய்யும் பிழை இதுவே. அவர் எங்கள் ஊர், எங்கள் மொழி, எங்கள் மரபு என்று பெருமைப்படுகிறோம். பெருமை வளர வளர அவர் சொன்னதைச் செய்யவேண்டிய கடமை பின்னுக்குப் போய்விடுகிறது. லாலன் தம் பிறப்பை மறைத்ததன் மூலம் இந்தப் பெருமைக்கு இடமில்லாமல் செய்ய முயன்றார். பற்றிக்கொள்ள வேறெதுவும் இல்லாதபோது, பாடலையே பற்றிக்கொள்வார்கள் என்று அவர் கருதியிருக்கலாம்.

ஆகவே அவரை நினைப்பவர் நாள்தோறும் செய்யக்கூடியவை மூன்று உண்டு. முதலாவது, ஒருவரைச் சந்திக்கும்போது மனத்தில் எழும் அந்த மூன்றாவது கேள்வியைக் கவனித்தல். அது எழாமல் தடுக்க உடனே முடியாது. எழுவதைக் கண்டுகொண்டாலே அதன் வலிமை பாதியாகும். இரண்டாவது, அகாராவின் பந்தியைப் போல, பிறர் இலையில் உணவு விழும்வரை தன் கையை நிறுத்திவைத்தல். இது உணவுக்கு மட்டுமன்று. மரியாதை, வாய்ப்பு, பேச்சுரிமை ஆகிய அனைத்திற்கும் பொருந்தும். மூன்றாவது, மாலையில் சிறிது நேரம் தனித்திருந்து, நாள் முழுவதும் ‘நான், நான்’ என்று எதைச் சொல்லிக்கொண்டிருந்தோம் என்று வினவுதல். உத்தியோகமா, குலமா, கல்வியா, வயதா? ஒவ்வொன்றாக விலக்கிப் பார்த்தால், எஞ்சி நிற்பதன் சிறகோசை சிறிதேனும் செவியில் விழும்.

லாலன் தம் பெயரைச் சொன்னார், குருவின் பெயரைச் சொன்னார், பாடலைக் கொடுத்தார். அதற்குமேல் கேட்டவர்களிடம், ‘நீ யார்?’ என்னும் கேள்வியை விட்டுச் சென்றார். அந்தக் கேள்விக்கு அவர் வரலாற்றில் விடை தேடிப் பயனில்லை. ஒவ்வொருவரும் தத்தம் கூண்டின் கதவருகே அமர்ந்து, வந்துபோகும் பறவைக்காக விழித்திருக்க வேண்டியதுதான்.